கோழிகளின் மூச்சுத் திணறல்: மருத்துவரை நாட வேண்டிய தருணம்

திருவனந்தபுரத்தில் வீட்டு முற்றத்தில் நாலைந்து கோழிகளை வளர்ப்போர் பலர். கோழி வாய் திறந்து மூச்சுவிடக் கண்டால், சிலர் வெயிலின் கொடுமையென வாளா இருப்பர். சிலர் கைக்கு எட்டிய மருந்தைப் புகட்டுவர். வெப்ப இளைப்பை நோயினின்று பிரித்தறிதலே முதற் கடமையாகும்.

கோழிக்கு வியர்வைச் சுரப்பிகள் இல்லை. வாய் திறந்து இளைத்தே உடல் வெப்பத்தைத் தணித்துக் கொள்கிறது. நிழலும் குளிர்ந்த நீரும் அளித்தால் இவ்விளைப்பு விரைவில் அடங்கும். குளிர்ந்த காலையிலும் ஓய்விலும் வாய் திறந்தே மூச்சுவிடுமாயின் அது நோய்க்குறி எனக் கொள்க. கோழிக்கு உதரவிதானமும் இல்லை. மார்பெலும்பு அசைவதாலேயே காற்று உட்சென்று வெளிவருகிறது. ஆகவே, சோதிக்கும்போது மார்பை இறுகப் பற்றலாகாது. பற்றினால் மூச்சடைத்து மடியும்.

இடவப்பாதியிலும் துலாமழையிலும் கூண்டின் கூளம் நனைந்து, அம்மோனியா எழும், பூஞ்சை வளரும். இரண்டும் சுவாச உறுப்புகளுக்குக் கேடு விளைப்பன. கோழியின் தலைமட்டத்தில் குனிந்து முகரும்போது கண் எரிந்தால், கூளத்தை உடனே மாற்றுதல் வேண்டும்.

தொற்றுநோய்களுள் கொடியது ராணிக்கேத் நோய். மூச்சிரைப்பு, பச்சைக் கழிச்சல், கழுத்துத் திருகல் ஆகியன இதன் குறிகள். இது வைரஸால் வருவதாதலின் தீர்க்கும் மருந்து இல்லை. தடுப்பு மருந்தே காப்பு. குஞ்சின் முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு மருந்தும், எட்டாம் வார அளவில் ஊசியும் இடுவது வழக்கம்.

கீழ்க்காணும் நிலைகளில் தாமதமின்றிக் கால்நடை மருத்துவரை நாடுதல் வேண்டும்:

1. கழுத்தை நீட்டி, வாலசைத்து மூச்சிழுத்தல்.
2. கொண்டையோ தாடியோ நீலம் பாய்தல்.
3. முகம் வீங்கி, மூக்கில் சளி வடிந்து, தீனி மறுத்தல்.
4. ஒன்றுக்கு மேற்பட்ட கோழிகள் நோயுறுதல் அல்லது திடீரென மடிதல்.

நோயுற்றது ஒரு கோழியாயின், தனித்து வைத்து, காற்றோட்டமுள்ள கூடையில் மருத்துவமனைக்குக் கொண்டு செல்லலாம். நான்காம் நிலையிலோ பறவைகளை இடம் பெயர்த்தலும், விற்றலும், அறுத்தலும் ஆகா; மருத்துவமனைக்குச் செய்தி அனுப்புதலே முறை. 2023 ஜனவரியில் இம்மாவட்டத்து அழூர் ஊராட்சியில் பறவைக் காய்ச்சல் உறுதியாகி, சுற்றுப்புறக் கோழிகளும் வாத்துகளும் அழிக்கப்பட்டன. அந்நோய் அரிதாக மனிதரையும் தாக்கும். இறந்த பறவையைக் கையால் தொடாதிருக்க மாணவருக்குக் கற்பித்தல் ஆசிரியர் கடன்; செய்தியை உரிய இடத்தில் அன்றே சேர்ப்பித்தல் களப்பணியாளர் கடன்.