இறக்கக் கூடாத கொசுக்கள்

பினாங்கு, மின்டெனில் அமைந்துள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில், நோய் பரப்பும் பூச்சிகளை ஆராய்வதற்கென்றே தனிப்பிரிவு ஒன்று உண்டு. உயிரியல் பயிலும் இளங்கலை மாணவர்கள் நீண்ட விடுமுறையில் இத்தகைய ஆய்வகங்களில் பயிற்சி பெறுகின்றனர். முதல் நாளே பெரிய கருவிகளைக் கையாளலாம் என்று எண்ணி வருபவருக்குக் கிடைப்பது, பெரும்பாலும், ஒரு தட்டு நீரும் அதில் நெளியும் கொசுப்புழுக்களும்தான்.

காய்ந்த தாளில் மிளகுத்தூள்போல் ஒட்டியிருக்கும் ஏடிஸ் முட்டைகளை நீரில் இட்டால் அவை பொரிக்கும். புழு நான்கு பருவங்களைக் கடந்து, கூட்டுப்புழுவாகி, கொசுவாகப் பறக்க ஒரு வாரம் முதல் பத்து நாள் வரை ஆகும். தீனி மிகுந்தால் நீர் கெடும். குறைந்தால் கொசு மெலியும். கொசுவை அடித்தே பழகிய கைக்கு அதை வளர்ப்பது எளிதன்று.

டிங்கியைப் பரப்பும் இக்கொசுவை ஒழிக்கக் குடியிருப்புகளில் புகை அடிக்கிறார்கள். அம்மருந்து இன்னும் பலிக்கிறதா என்பதை அறியவே இந்த வளர்ப்பு. உலகச் சுகாதார நிறுவனம் வகுத்த முறைப்படி, குழாய்க்கு 25 வீதம் 100 பெண் கொசுக்கள், மருந்து தோய்ந்த தாள் சுற்றிய குழாய்களில் ஒரு மணி நேரம் விடப்படும். மேலும் 50 கொசுக்கள் மருந்தில்லாத தாளுடன் வைக்கப்படும். 24 மணி நேரம் கழித்து எண்ண வேண்டும். நூற்றில் 98 அல்லது அதற்கு மேல் இறந்தால் மருந்து பலிக்கிறது. 90க்குக் கீழே என்றால் கொசு எதிர்ப்பாற்றல் பெற்றுவிட்டது.

ஆனால், முதலில் எண்ண வேண்டியவை மருந்தே படாத அந்த 50 கொசுக்களைத்தான். அவற்றுள் 12 இறந்து கிடந்தால்? அதாவது, 24 விழுக்காடு. மற்றக் குழாய்களில் நூறும் மடிந்திருந்தாலும் பயனில்லை. மருந்தால் இறந்தனவா, உறிஞ்சுகுழலால் பிடித்தபோது அடிபட்டு இறந்தனவா, அறையின் வெப்பம் தாளாமல் இறந்தனவா என்று பிரித்தறிய வழியில்லை. இரண்டு வார உழைப்பு வீண்.

விடுமுறையோ முடியப்போகிறது. 12ஐ 2 என்று மாற்றி எழுதினால் எவருக்கும் தெரியாது. ஆனால், பலிக்காத மருந்து பலிப்பதாகப் பதிவாகும். ஜெலுத்தோங்கிலோ ஆயர் ஈத்தாமிலோ அடுக்குமாடிகளில் அதே புகை அடிக்கப்படும், கொசு பறந்துகொண்டே இருக்கும், காய்ச்சலும் குறையாது.

ஆய்வேட்டில் 12 என்றே எழுதி, அருகில் 'கையாளும்போது அடிபட்டனவா?' என்று குறித்துவிட்டு, பயிற்சி மாணவர் அடுத்த முட்டைத்தாளை நீரில் இடுகிறார்.