ஒளிக்கு ஒரு சீப்பு

செம்பூர்த் தமிழர்க்குத் தேவனார்க் குப்பைமேட்டை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. 2016 ஜனவரியில் அது எரிந்தபோது நான் பள்ளிச் சிறுவன். அம்மா ஈரத்துணியால் சன்னலை அடைத்துக்கொண்டே, "இந்தப் புகையிலே என்னடா இருக்கு?" என்று கேட்டார். எனக்கு விடை தெரியவில்லை. அவ்வினாவுக்கு விடை தரவல்ல ஒரு கருவியை இன்று நண்பர்களுக்கு விளக்க விரும்புகிறேன்.

ஒவ்வொரு வாயுவும் தனக்கே உரிய அதிர்வெண்களில் ஒளியை விழுங்கும். மக்கிய குப்பையில் எழும் மீத்தேன் 3.3 மைக்ரான் அலைநீளத்தருகே விழுங்கும்; கரியமில வாயு 4.3 மைக்ரானருகே, தீயில் பிறக்கும் கார்பன் மோனாக்சைடு 4.7 மைக்ரானருகே. இது நடு அகச்சிவப்புப் பகுதி. இங்கே சம இடைவெளியுள்ள பல ஒளிக்கோடுகளைச் செலுத்தி, எவை மங்கின என்று பார்த்தால் வாயுவும் அதன் அளவும் புலப்படும். இக்கோட்டு வரிசையே 'அதிர்வெண் சீப்பு'.

சீப்பை எப்படிச் செய்வது? பீஜப்பூர் கோல் கும்பஸில் சுவரோரம் முணுமுணுத்தால், ஒலி சுவரைத் தழுவிச் சென்று எதிர்ப்புறம் கேட்கும். திருச்சியில் பிறந்த சர் சி. வி. இராமன் 1920களின் தொடக்கத்தில் இத்தகைய மாடங்களை ஆராய்ந்தார். ஒலிக்குப் பதில் ஒளியையும், மாடத்திற்குப் பதில் சிறு வட்டையும் கொள்க. உட்புகும் லேசர் ஒளி பன்முறை சுற்றிச் செறிவடைகிறது. செறிவு மிகுந்தால் பொருளின் ஒளிவிலகல் எண்ணே சிறிது மாறும். அப்போது இரண்டு ஒளித்துகள்கள் மறைந்து, அதிர்வெண் கூடிய ஒன்றும் குறைந்த ஒன்றும் தோன்றும். மொத்த ஆற்றல் மாறாதாகையால் இரண்டும் சம தூரத்தில் விலகி நிற்கும். இவ்வாறே பல்லுக்குப் பல் பிறக்கிறது.

இடைவெளியைக் கணக்கிடுவோம். 0.7 மி.மீ. விட்டமுள்ள மக்னீசியம் ஃபுளோரைடு வட்டின் சுற்றளவு 2.2 மி.மீ.; ஒளிவிலகல் எண் 1.37. ஒளியின் வேகத்தை இவ்விரண்டின் பெருக்கத்தால் வகுத்தால், விநாடிக்குச் சுமார் 10,000 கோடி அதிர்வுகள்.

2007இல் ஜெர்மனியில் சிலிக்கா வட்டில் இத்தகைய சீப்பு தோன்றியது. ஆனால் நடு அகச்சிவப்பைச் சிலிக்காவே விழுங்கிவிடும். ஆகவே 2013இல் மக்னீசியம் ஃபுளோரைடில் 2.5 மைக்ரானருகே சீப்பு செய்தனர். 2015இல் அமெரிக்காவில் லிப்ஸன், கேய்ட்டா குழுவினர் சிலிக்கான் வளையத்தில் 2.1 முதல் 3.5 மைக்ரான் வரை எட்டினர். வலிய ஒளியால் சிலிக்கானில் விடுபடும் எலெக்ட்ரான்கள் ஒளியை விழுங்கும்; அவற்றை மின்னழுத்தத்தால் துடைத்தெடுத்ததே அவர்கள் செய்த உபாயம். மீத்தேனின் 3.3 இந்த எல்லைக்குள் வந்துவிட்டது!

ஒரு குறை உண்டு. பற்களின் இடைவெளி, வாயுக்கோட்டின் அகலத்தைவிடப் பெரிது. கோடு இடையில் தப்பிவிடலாம். தலை வாரும்போது சீப்பை நகர்த்துவதுபோல, வளையத்தின் வெப்பநிலையை மாற்றிப் பற்களை மெல்ல நகர்த்த வேண்டும்.

ஆய்வுக்கூட மேசையிலிருந்து இச்சீப்பு குப்பைமேட்டோரம் வந்து சேரும் நாளில்தான் அம்மாவின் கேள்விக்கு முழு விடை கிடைக்கும். அதைக் கொண்டு வருவது நம் போன்ற மாணவரின் கடமையன்றோ?