வீட்டுப்பாடம்: முதல் சம்பளமும் ஒரு வாடகை வீடும்

பிளேஸ்மென்ட்ல செலக்ட் ஆன அன்னைக்கு வீட்டுக்கு போன் பண்ணிச் சொல்லுவோம். அப்பா "சரி சாமி, சந்தோஷம்"னு வெச்சிடுவார். அம்மாதான் கொஞ்சம் யோசிச்சுக் கேப்பாங்க: "மெட்ராஸ்ல வீடெல்லாம் கிடைக்குமா கண்ணு?"

நாலு வருஷ சிலபஸ்ல இந்தக் கேள்விக்கு எங்கேயும் பதில் இல்லை. தனியா போறவங்களுக்குப் பிரச்சினை சின்னது. பி.ஜி. இருக்கு, சீனியர்களோட ரூம் இருக்கு, பாய் போட்டுப் படுக்க ஒரு மூலை போதும். ஆனா நம்மில் பலர் ஆறு மாசத்திலேயோ ஒரு வருஷத்திலேயோ குடும்பத்தையும் கூட்டிட்டுப் போக வேண்டியிருக்கும். அப்பாவுக்கு வைத்தியம் பார்க்கணும், தங்கச்சி படிக்கணும், ஊர்ல தறி நின்னுபோச்சு, இப்படி ஒவ்வொருத்தருக்கும் ஒரு காரணம். அந்த நாளுக்கான பாடம் இது. நம்ம வழக்கப்படி பிராப்ளம் மாதிரியே போடுவோம்.

கொடுக்கப்பட்டவை

ஓமலூர்ப் பக்கத்துக் குடும்பம் ஒண்ணை எடுத்துக்குவோம். நீங்க, அப்பா, அம்மா, பிளஸ் ஒன் படிக்கும் தங்கை. உங்க ஆபீஸ் சென்னை ஓ.எம்.ஆர். சாலையில் துரைப்பாக்கத்தில் இருக்கு. அப்பாவுக்கு மாசம் ரெண்டு தடவை ஆஸ்பத்திரி செக்கப். கையில் வரும் சம்பளம் 28,000 ரூபாய். ஆஃபர் லெட்டரில் போட்டிருக்கும் சி.டி.சி.யைப் பன்னிரண்டால் வகுத்து வரும் தொகையை நம்பி வீடு பார்க்கக் கூடாது. பி.எஃப்., இன்சூரன்ஸ், போனஸ் எல்லாம் கழிச்சுப் பேங்க்கில் விழுறதுதான் சம்பளம். முதல் சம்பளம் வந்து விழுந்த பிறகு வீடு தேடுறது இன்னும் நல்லது.

கண்டுபிடிக்க வேண்டியது: எந்த ஏரியா?

எல்லோரும் செய்யும் முதல் தப்பு, வாடகையை மட்டும் ஒப்பிடுறது. வாடகை என்பது சமன்பாட்டில் ஒரு உறுப்புதான். மெயின்டனன்ஸ், தண்ணி, போக்குவரத்து இருக்கு. யாரும் கணக்கில் சேர்க்காத ஒண்ணும் இருக்கு: அட்வான்ஸுக்கான வட்டி.

"அட்வான்ஸ்தான் திரும்பி வந்துடுமே"ன்னு சொல்லுவாங்க. வரும். ஆனா அந்தப் பணத்தை நம்ம அப்பா எங்கேயிருந்து புரட்டுவார்? தெரிஞ்சவங்ககிட்ட நூத்துக்கு ரெண்டு ரூபா வட்டிக்கு. அதாவது மாசம் 2 சதவீதம், வருஷத்துக்கு 24. எழுபதாயிரம் அட்வான்ஸ் என்றால் மாசம் 1,400 ரூபாய் வட்டி. அதுவும் வாடகைதான், வேற ஒரு கைக்குப் போகுது, அவ்வளவுதான்.

இப்போ மூணு வீடு. எண்கள் எல்லாம் கணக்குக்காக வெச்சவை. நீங்க பார்க்கும் வீட்டின் எண்களைப் போட்டுக்குங்க.

அ. துரைப்பாக்கம், ஆபீஸ் பக்கம். வாடகை 14,000, மெயின்டனன்ஸ் 1,500, ஐந்து மாச அட்வான்ஸ் 70,000-க்கு வட்டி 1,400, லாரித் தண்ணிப் பங்கு 800, பஸ் 500. மொத்தம் 18,200. பயணம் நாளுக்கு 1 மணி நேரம்.

ஆ. தாம்பரம். வாடகை 10,500, மெயின்டனன்ஸ் 800, மூணு மாச அட்வான்ஸ் 31,500-க்கு வட்டி 630, தண்ணி 300, போக்குவரத்து 1,500. மொத்தம் 13,730. பயணம் நாளுக்கு இரண்டரை மணி நேரம்.

இ. கூடுவாஞ்சேரி. வாடகை 8,000, மெயின்டனன்ஸ் 500, மூணு மாச அட்வான்ஸ் 24,000-க்கு வட்டி 480, போர் தண்ணிக்குத் தனிக் காசு இல்லை, போக்குவரத்து 2,500. மொத்தம் 11,480. பயணம் நாளுக்கு 4 மணி நேரம்.

துரைப்பாக்கம் எடுத்தா மீதி 9,800 ரூபாய். நாலு பேர் சாப்பாடு, மாத்திரை, தங்கச்சி படிப்பு, கரண்ட், கேஸ் எல்லாம் அதுக்குள்ள அடங்காது. அதை அடிச்சிடுங்க. மீதி இருக்கும் ரெண்டில் எது?

இங்கேதான் மார்ஜினல் கணக்கு உதவும். மாசம் 22 வேலை நாள். துரைப்பாக்கத்திலிருந்து தாம்பரத்துக்குத் தள்ளிப்போனா மாசம் 4,470 ரூபாய் மிச்சம், 33 மணி நேரம் கூடுதல் பயணம். ஒரு மணிக்கு சுமார் 135 ரூபாய் கிடைக்குது. உங்க சம்பளத்தை ஒரு நாளைக்கு 9 மணி நேர வேலையால் வகுத்தா மணிக்கு சுமார் 141. ஏறக்குறைய சமம், நியாயமான பேரம். தாம்பரத்திலிருந்து கூடுவாஞ்சேரிக்கு இன்னும் தள்ளிப்போனா மறுபடி 33 மணி நேரம் போகும், ஆனா மிச்சம் 2,250 மட்டும். மணிக்கு சுமார் 68 ரூபாய். உங்க நேரத்தைப் பாதி விலைக்கு விக்கிறீங்க.

அதனால தாம்பரம். ஆனா 14,270 மீதியில் குடும்பம் ஓடாது என்றால் கூடுவாஞ்சேரிதான் சரியான விடை. அதில் வெட்கப்பட ஒண்ணும் இல்லை. கணக்கு உங்களுக்கு வழி காட்டும், கட்டளை போடாது.

தாம்பரம், கூடுவாஞ்சேரி ரெண்டுமே கடற்கரை–செங்கல்பட்டு புறநகர் ரயில் பாதையில் இருக்கு. ஒரு சீசன் டிக்கெட்டில் பல்லாவரம் வந்து, அங்கிருந்து துரைப்பாக்கம் ரேடியல் ரோட்டில் பஸ் பிடிக்கலாம். ஊருக்குப் போகக் கிளாம்பாக்கம் பஸ் நிலையமும் அந்தப் பக்கம்தான். அது 2023 டிசம்பர் 30-ல் திறந்தது. அமாவாசைக்கு அமாவாசை ஊருக்குப் போகணும்னு நினைக்கிற அம்மாவுக்கு இது பெரிய விஷயம்.

இன்னொண்ணு. நீங்க வீட்டில் முழிச்சிருக்கிறது நாலஞ்சு மணி நேரம். அம்மாவும் அப்பாவும் நாள் முழுக்க அங்கேயே இருக்கப் போறாங்க. ஆபீஸுக்கு எவ்வளவு தூரம்னு பார்க்கிற மாதிரியே, காய்கறிக் கடைக்கும் ஆஸ்பத்திரிக்கும் கோயிலுக்கும் நடந்து போக முடியுமான்னும் பாருங்க.

தண்ணி: இல்லாததும் வந்ததும்

சென்னையில் தண்ணிக்கு ரெண்டு கேள்வி. கோடையில் வருமா? மழையில் எதுவரைக்கும் வரும்?

2019 கோடையில் நகரத்துக்குத் தண்ணி தரும் ஏரிகள் வறண்டு, ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் காவிரித் தண்ணி கொண்டுவந்தாங்க. மேட்டூர் பக்கத்துலேயே வளர்ந்த நமக்கு இது கதை மாதிரி இருக்கும். அங்கே போனா தெரியும். வீடு பார்க்கும்போது குழாயைத் திறந்து ஒரு வாய் வெச்சுப் பாருங்க, உப்பா இருக்கான்னு. மெட்ரோ தண்ணி வருதா, போரா, லாரியா, ஏப்ரல், மே மாசம் லாரிக்கு யார் காசு கொடுக்கிறாங்கன்னு கேளுங்க. பெங்களூர் போறவங்களும் இதைக் கேக்கணும். 2024 கோடையில் அங்கே போர்கள் வத்தி அபார்ட்மென்ட்வாசிகளே தவிச்சாங்க.

மழைக்கு வருவோம். 2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் வேளச்சேரி, பள்ளிக்கரணை, முடிச்சூர் பக்கமெல்லாம் வீட்டுக்குள்ளேயே தண்ணி வந்துச்சு. பள்ளிக்கரணை ஒரு சதுப்பு நிலம். தண்ணி தேங்குறதுதான் அதோட இயல்பு, நாமதான் அதுக்கு மேல போய் உக்காந்தோம். ஓனரிடம் இதைக் கேட்டா "இங்கெல்லாம் வராதுங்க"ன்னுதான் சொல்லுவார். தெருமுனை டீக்கடையில், இஸ்திரி வண்டிக்காரரிடம் கேளுங்க: "அண்ணா, மிக்ஜாம் அப்போ தண்ணி எது வரைக்கும் நின்னுச்சு?" கையை முட்டிக்கு மேல காட்டினார்னா கீழ் போர்ஷன் வேண்டாம். அப்பாவால படியேற முடியாது, கீழ் போர்ஷன்தான் வேணும் என்றால் தெருவையே மாத்துங்க.

அட்வான்ஸ், லீஸ்

பெங்களூரில் பத்து மாச அட்வான்ஸ் கேக்கிறது பல காலப் பழக்கம். ஓசூரில் வீடு எடுத்து எலக்ட்ரானிக் சிட்டிக்குப் போய்வர்றவங்க இருக்காங்க, காரணங்களில் இதுவும் ஒண்ணு. தமிழ்நாட்டில் 2017-ம் ஆண்டின் நில உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகள் பொறுப்புகள் ஒழுங்குமுறைச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கு. அதன்படி அட்வான்ஸ் மூணு மாச வாடகைக்கு மேல் போகக் கூடாது. ஆனா ரெண்டு பேரும் ஒப்புக்கிட்டு வேற மாதிரி எழுதினா கூடுதலாவும் இருக்கலாம். அதாவது நீங்க கையெழுத்துப் போட்டா ஐந்து மாசமும் செல்லும். பேசறதுக்கு உங்களுக்கு இடம் இருக்கு, பேசுங்க.

"அஞ்சு லட்சம் லீஸ், மாச வாடகையே இல்லை"ன்னு ஒருத்தர் வருவார். அதே வட்டிக் கணக்கைப் போடுங்க: மாசம் 10,000 ரூபாய். ஓசி இல்லை. அதோட, அந்த வீடு ஏற்கெனவே பேங்க்கில் அடமானத்தில் இருந்து, ஓனர் தவணை கட்டலைன்னா பேங்க் வந்து நிக்கும்போது உங்க அஞ்சு லட்சம் தொங்கலில் போயிடும். வில்லங்கச் சான்று பார்க்காம, பத்திரம் பதிவு பண்ணாம, வெறும் ஸ்டாம்ப் பேப்பரில் லீஸுக்குப் போகாதீங்க. ஊர்ல காடு வித்த பணத்தை அப்பா இப்படிப் போடணும்னு சொன்னா, குறுக்கே விழுந்தாவது நிறுத்துங்க.

நேரில் பார்க்காத வீட்டுக்கு டோக்கன் அட்வான்ஸ் அனுப்பவும் கூடாது. "நான் ராணுவத்தில் இருக்கேன், வெளியூர்ல டியூட்டி, க்யூ.ஆர். அனுப்புறேன், ஸ்கேன் பண்ணுங்க"ன்னு வரும் போன் பழைய மோசடி.

எழுத்தில் இருக்கட்டும்

மேலே சொன்ன சட்டப்படி வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்கணும், வாடகை அதிகாரியிடம் பதிவு செய்யணும். பதிவை ஆன்லைனிலேயே செய்யலாம். "பதினோரு மாசம்தானே, பதிவு வேண்டாம்"னு புரோக்கர் சொல்லுவார். ஒரு வருஷத்துக்கு மேற்பட்ட குத்தகையைப் பத்திரப்பதிவு பண்ணியே ஆகணும்கிற விதியிலிருந்து தப்பிக்க வந்த பழக்கம் அது. வாடகைச் சட்டத்தின் பதிவு வேற, அதுக்கு இந்தப் பதினோரு மாசக் கணக்கு பொருந்தாது.

ஒப்பந்தத்தில் ஐந்து விஷயம் இருக்கான்னு பாருங்க. வாடகை எப்போ, எவ்வளவு ஏறும். காலி பண்ண எத்தனை நாள் முன்னாடி சொல்லணும். எந்த ரிப்பேர் யார் செலவு. காலி பண்ணும்போது பெயின்ட்டுக்கு எவ்வளவு பிடிப்பாங்க. கரண்ட் மீட்டர் உங்க வீட்டுக்குத் தனியா, இல்லை ஓனர் யூனிட்டுக்கு இவ்வளவுன்னு வாங்குறாரா. வீட்டு இணைப்புக்குக் குறிப்பிட்ட யூனிட் வரை கரண்ட் இலவசம். தனி மீட்டர் இருந்தாத்தான் அது உங்களுக்குக் கிடைக்கும்.

சாவி வாங்கும் நாளில் சுவர், குழாய், கதவு, பாத்ரூம் எல்லாத்தையும் ஒரு வீடியோ எடுத்து ஓனருக்கே வாட்ஸ்அப் பண்ணிடுங்க. காலி பண்ணிய ஒரு மாசத்துக்குள் அட்வான்ஸைத் திருப்பித் தரணும்னு சட்டம் சொல்லுது. பிடித்தம் பத்திப் பேச்சு வந்தா அந்த வீடியோதான் உங்க சாட்சி.

சிலபஸுக்கு வெளியே ஒரு கேள்வி

வீடு பிடிச்சிருக்கும், வாடகை ஒத்துவரும், ஓனர் அம்மா மோர் கூடக் கொடுப்பாங்க. அப்புறம் கேப்பாங்க: "சேலத்துல எந்தப் பக்கம்? அங்க எந்தத் தெரு? நீங்க என்ன ஆளுங்க?" சில வாசலில் "வெஜிடேரியன் ஒன்லி" போர்டே இருக்கும். நம்ம முஸ்லிம் நண்பன் பேரைச் சொன்னதும் "நேத்தே அட்வான்ஸ் வாங்கிட்டோம் தம்பி"ன்னு சொல்லிடுவாங்க.

இதுக்கு ஃபார்முலா கிடையாது. ஒண்ணு மட்டும் சொல்லலாம்: பொய் சொல்லி வீடு எடுக்காதீங்க. எடுத்தா ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் அம்மா ஜன்னலைச் சாத்திக்கிட்டுக் குழம்பு வைப்பாங்க. அப்பா பேரைச் சொல்ல யோசிப்பார். இருபது மணி நேரம் அந்த வீட்டுக்குள் இருக்கப் போறவங்க அவங்கதான். அந்தப் பயத்தையும் மாச வாடகையில் சேர்த்துக் கூட்டுங்க, வீடு கட்டுப்படியாகாதுன்னு தெரியும். அடுத்த தெருவைப் பாருங்க. ஏற்கெனவே வீடு கிடைச்ச சீனியர் "இவங்க எனக்குத் தெரிஞ்ச குடும்பம்"னு அவங்க ஓனர்கிட்ட ஒரு வார்த்தை சொன்னா, நூறு டு-லெட் போர்டைவிட அது வேலை செய்யும். அந்தக் கேள்வியே தன்னைத் தொடாதவங்க இதை அவசியம் செய்யணும்.

வீட்டுப்பாடம்

1. நீங்க போகப்போற ஊரில் மூணு ஏரியா எடுத்து, மேலே போட்ட கணக்கை உங்க எண்களோட போடுங்க. ரெண்டு வட்டியை மறக்காதீங்க.

2. வீடு பார்க்கப் போகும்போது அம்மாவையும் கூட்டிட்டுப் போங்க. நாம வைஃபை பார்ப்போம், அவங்க அடுப்பு மேடை உயரத்தையும் துணி காயப்போடும் இடத்தையும் பார்ப்பாங்க.

3. ஓமலூரிலும் கருப்பூரிலும் நம்மில் சிலர் வீட்டு மாடி போர்ஷனில் வெளியூர்ப் பிள்ளைங்க, குடும்பங்க வாடகைக்கு இருக்காங்க. அடுத்த தடவை அது காலியாகும்போது, வந்து கேக்கிறவங்ககிட்ட நம்ம வீட்டில் என்ன கேள்வி கேக்கிறாங்கன்னு பக்கத்தில் நின்னு கவனிங்க. சரியில்லைன்னு பட்டா அன்னைக்கே அப்பாகிட்ட பேசுங்க. நாளைக்குத் தாம்பரத்தில் அதே கேள்விக்கு முன்னாடி அவர்தான் நிக்கப் போறார்.