உடல் நிலையும் சுவாசமும்

க.பொ.த. (சாதாரண தரம்) விஞ்ஞானம் – மனித சுவாசத் தொகுதி: மீட்டற் பாடம்

மாணவர்களே, சுவாசப் பொறிமுறையை நீங்கள் ஏற்கெனவே கற்றுள்ளீர்கள். அந்த அறிவைக் கொண்டு ஒரு வினாவுக்கு விடை காண்போம். மூச்சுத் திணறும் ஒருவர் படுக்க விரும்பாமல் எழுந்து உட்காருவது ஏன்?

1. முதலில் மீட்டுவோம்

சுவாசப்பைகள் தாமாக விரிவதில்லை. உட்சுவாசத்தின்போது பிரிமென்றகடு சுருங்கித் தட்டையாகும். பழுவிடைத் தசைகள் சுருங்கி விலா என்புகளை உயர்த்தும். இதனால் நெஞ்சறையின் கனவளவு கூடி, அமுக்கம் குறைந்து, வளி உட்செல்லும்.

2. செயற்பாடு

(அ) கதிரையில் நன்றாகக் கூனி அமர்ந்து ஆழமாக மூச்செடுங்கள். பின்னர் முதுகை நிமிர்த்தி மீண்டும் எடுங்கள். எது இலகு?

(ஆ) மல்லாந்து படுத்து, வயிற்றின் மீது ஒரு பாடப்புத்தகத்தை வையுங்கள். உட்சுவாசத்தின்போது புத்தகம் உயர்வதை அவதானியுங்கள். கீழிறங்கும் பிரிமென்றகடு வயிற்றறை அங்கங்களைத் தள்ளுவதே இதற்குக் காரணமாகும்.

3. விளக்கம்

நிற்கும்போது ஈரல், குடல் முதலியன புவியீர்ப்பினால் கீழ்நோக்கி இழுக்கப்படும். எனவே பிரிமென்றகடு இறங்க இடம் உண்டு. படுக்கும்போது அவை பிரிமென்றகட்டை நெஞ்சறைப் பக்கமாகத் தள்ளும். கூனி இருக்கும்போது வயிறு நெருக்கப்படுவதோடு விலா என்புகளின் அசைவும் குறையும்.

நிமிர்ந்து நிற்கும் வளர்ந்த ஒருவர் சாதாரணமாக மூச்சை வெளிவிட்ட பின்னரும் சுவாசப்பைகளில் ஏறத்தாழ 2.5 – 3 லீற்றர் வளி எஞ்சியிருக்கும். மல்லாந்து படுத்தால் இது ஏறத்தாழ 0.5 – 1 லீற்றரினால் குறையும். ஓய்வில் ஒரு தடவை உள்ளெடுக்கும் வளி ஏறத்தாழ 500 மில்லிலீற்றர் மட்டுமே. ஆகவே சுகதேகி இக்குறைவை உணர்வதில்லை, நிம்மதியாக உறங்குகிறார். சுவாசக் குழாய்கள் ஒடுங்கிய ஆஸ்துமா நோயாளிக்கோ இக்குறைவும் பெருஞ்சுமையாகும்.

4. வாழ்க்கையில் பயன்பாடு

• வகுப்பில் ஒருவருக்கு ஆஸ்துமா இழுப்பு ஏற்பட்டால் படுக்க வைக்க வேண்டாம். நிமிர்த்தி அமர்த்துங்கள். சற்று முன்சாய்ந்து கைகளை மேசையில் ஊன்றுவதும் உதவும். தோள்கள் உறுதியாக நிற்பதால் கழுத்துத் தசைகளும் விலா என்புகளை உயர்த்தத் துணைபுரியும். வைத்தியர் வழங்கிய இன்ஹேலரை எடுக்கச் செய்து, ஆசிரியருக்கு அறிவியுங்கள். குணம் தெரியாவிடின் 1990 அம்புலன்ஸ் சேவையை அழையுங்கள்.

• மயங்கியவர் மூச்சு விடுகிறாராயின் அவரை அமர்த்தக் கூடாது. பக்கவாட்டில் கிடத்துங்கள். அப்போது நாக்கோ வாந்தியோ வளிப்பாதையை அடைக்கும் ஆபத்துக் குறையும். உடனே 1990ஐ அழையுங்கள்.

5. மாதிரி வினா

மல்லாந்து படுத்திருக்கும்போது ஆழமாக மூச்செடுப்பது நிற்கும்போதிலும் கடினமாவது ஏன்? (03 புள்ளிகள்)

விடை: வயிற்றறை அங்கங்கள் பிரிமென்றகட்டை நெஞ்சறைப் பக்கமாகத் தள்ளும் (01). பிரிமென்றகடு அவற்றை எதிர்த்துக் கீழிறங்க வேண்டும் (01). எனவே நெஞ்சறையின் கனவளவை அதிகரிப்பது கடினமாகும் (01).

கவனிக்க: "படுத்தால் வளி குறைவு" என்று மட்டும் எழுதினால் அது காரணமாகாது. பிரிமென்றகடு, கனவளவு ஆகிய இரு சொற்களும் உங்கள் விடையில் இடம்பெற வேண்டும்.