வாசலில் நிற்கும் பெண்ணுக்கும் பதவி உயர்வு உண்டு



கடை வாசலில் நிற்கும் பெண் பாதுகாப்பு உத்தியோகத்தரை நாம் செலவுக் கணக்கில் எழுதுகிறோம். அவருக்கும் இது ஒரு தொழில், அதில் அவரும் உயர வேண்டும் என்று நினைப்பதில்லை. இந்தத் தவறை நானும் செய்தவன். அதனால்தான் இந்த வாரம் இதை எழுதுகிறேன்.

சில வருடங்களுக்கு முன், நோன்புப் பெருநாள் நெருங்கிய ஓர் இரவு. திருகோணமலையில் எனது புடவைக் கடையில் கால் வைக்க இடமில்லை. ஒரு துணியைக் காணவில்லை என்று எங்கள் கடைப் பையன் ஒரு சகோதரியின் கைப்பையைத் திறக்கச் சொல்லிவிட்டான். உள்ளே இருந்தது பிள்ளையின் மருந்துப் போத்தலும் பஸ் காசும்தான். துணி பிறகு வேறு தட்டில் கிடைத்தது. அவர் வீடு தேடிச் சென்று மன்னிப்புக் கேட்டேன். ஆனாலும் அந்தக் குடும்பம் மறுபடி என் கடைப்படி ஏறவில்லை.

ஒரு பெண்ணைச் சோதிப்பதானால் இன்னொரு பெண்ணே கண்ணியமாகச் சோதிக்க வேண்டும் என்பது பொலிசாருக்கே சட்டம் விதித்துள்ள முறை. 2019 ஏப்ரல் 21 குண்டுவெடிப்புகளுக்குப் பின், பல இடங்களில் வாசலிலேயே பையைத் திறந்து காட்ட வேண்டி வந்தபோது நம் வீட்டுப் பெண்கள் பட்ட சங்கடத்தை நாம் அறிவோம். அந்த இடத்தில் ஒரு பெண் நின்றால் அதுவே பாதி ஆறுதல்.

அடுத்த வாரமே முகவர் நிலையம் ஒன்றின் மூலம் ஒரு பெண்ணை அமர்த்தினேன். கிண்ணியாவைச் சேர்ந்தவர், கணவனை இழந்தவர், இரண்டு பிள்ளைகளின் தாய். 2009 ஒக்டோபரில் கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டிராவிட்டால், பாதையில் ஏறி இறங்கி இந்த வேலைக்கு வந்து போவதே அவருக்குப் பெரும்பாடாகியிருக்கும்.

பை பார்க்க வந்தவர், லொறியில் இறங்கும் பொதிகளையும் எண்ணத் தொடங்கினார். நேரம் போட்டுப் புத்தகத்தில் எழுதினார். ஒரு நாள் பற்றுச்சீட்டில் 40 பொதி, இறங்கியது 38 என்று அவர்தான் எனக்குக் காட்டினார்.

இரண்டு வருடங்களின் பின் மேற்பார்வையாளர் இடம் காலியானது. முகவர் நிலையம் புதிதாக வந்த ஓர் இளைஞனை அனுப்பியது. ஏன் என்று கேட்டேன். “ஹாஜியார், அவர் எல்.எஸ்.ஓ. தானே” என்றார்கள். நானும் பேசாமல் இருந்துவிட்டேன். நான்கு மாதத்தில் அவர் பிள்ளைகளை உம்மாவிடம் விட்டுவிட்டு வீட்டுப் பணிப்பெண்ணாக வெளிநாடு போனார்.

வேலைவாய்ப்பு விளம்பரங்களைப் பாருங்கள். ஜே.எஸ்.ஓ., எஸ்.எஸ்.ஓ., ஓ.ஐ.சி. என்று கனிஷ்டர், சிரேஷ்டர், பொறுப்பதிகாரி வரிசை இருக்கும். பக்கத்தில் எல்.எஸ்.ஓ., அதாவது பெண் பாதுகாப்பு உத்தியோகத்தர், என்று தனியாக ஒன்று இருக்கும். ஆணுக்கு ஏணி, பெண்ணுக்கு ஒரே ஒரு படி.

உடல் பலம் வேண்டும் என்பார்கள். நமது துறைமுகத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். கப்பல்களுக்கும் துறைமுகங்களுக்குமான சர்வதேசப் பாதுகாப்பு விதிக்கோவை 2004 ஜூலை 1இல் நடைமுறைக்கு வந்தது. யார் உள்ளே வருகிறார், எந்தச் சரக்கு ஏறி இறங்குகிறது என்று கவனிப்பதும், பதிவேடு வைப்பதும், பயிற்சி பெறுவதும்தான் அது கேட்பவை. இதற்குக் கண்ணும் பேனாவும் நேர்மையும் போதும். நமது பொலிஸ் சேவை 1952இல் பெண்களைச் சேர்த்தது. முதலாவது பெண் பிரதிப் பொலிஸ் மா அதிபர் 2020இல்தான் வந்தார். கதவு திறந்தால் மட்டும் போதாது, படியும் வேண்டும் என்பதற்கு இது பாடம்.

இனி நாம் செய்யக்கூடியவை.

முதலாவது, அனுமதிப்பத்திரத்தைப் பாருங்கள். 1998ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டப்படி தனியார் பாதுகாப்பு முகவர் நிலையம் பாதுகாப்பு அமைச்சின் கீழ் அனுமதி பெற்றிருக்க வேண்டும்.

இரண்டாவது, கணக்கைப் பாருங்கள். 2026 ஜனவரி முதல் தேசிய குறைந்தபட்ச மாதச் சம்பளம் 30,000 ரூபா. தொழில் வழங்குநர் செலுத்த வேண்டிய ஊழியர் சேமலாப நிதி 12 வீதம், 3,600 ரூபா. ஊழியர் நம்பிக்கை நிதி 3 வீதம், 900 ரூபா. மொத்தம் 34,500 ரூபா. மேலதிக நேரம், சீருடை, முகவரின் இலாபம் எல்லாம் இதற்கு மேல்தான். முழுநேரத்துக்கு ஓர் ஆளை இதிலும் குறைத்துத் தருகிறோம் என்றால், குறைவது யாருடைய பணம் என்று கேளுங்கள். பேரம் பேசி நாம் வெட்டும் ரூபா கடைசியில் அந்தப் பெண்ணின் சேமலாப நிதியில்தான் போய் விழுகிறது.

மூன்றாவது, பூட்டுப் போட்ட மலசலகூடம், உட்காரக் கதிரை, தொழ ஒரு மூலை, வீடு போய்ச் சேரக்கூடிய நேரம். பெண்களின் இரவு வேலைக்குச் சட்டக் கட்டுப்பாடுகள் உண்டு. தொழில் திணைக்களத்தில் கேட்ட பின்பே முறை போடுங்கள்.

நான்காவது, ஒப்பந்தத்தில் ஒரு வரி சேருங்கள்: பதிவேடு, கமரா, தீயணைப்பு, முதலுதவி ஆகியவற்றில் பெண்ணுக்கும் பயிற்சி தர வேண்டும், மேற்பார்வையாளர் இடம் வந்தால் அவரையும் பரிசீலிக்க வேண்டும். காசு கொடுப்பவர் நாம். நாம் கேட்டால் முகவர் செய்வார்.

அன்று நான் அந்த ஒரு வார்த்தையைக் கேட்டிருந்தால், இரண்டு பிள்ளைகள் தாயுடன் இருந்திருப்பார்கள். எனது களஞ்சியத்திலும் நம்பிக்கையான ஒருவர் இருந்திருப்பார். உங்கள் ஒப்பந்தம் அடுத்த முறை புதுப்பிக்க வரும்போது, கையெழுத்துப் போடுமுன் நீங்களாவது கேளுங்கள்.