முதல் பந்தில் துளை எங்கே?

கணியூரில் பவுலிங் தளம் கிடையாது. இந்தப் பக்கத்து இளைஞர் ஒருவர் ஷபீர் தன்கோட் போலத் தமிழ்நாட்டுக்காக ஆடித் தேசியப் பட்டம் வெல்ல ஆசைப்பட்டால், சென்னை, பெங்களூரு என்று ஊர் ஊராகப் போய்த்தான் ஆட வேண்டும். தளத்துக்குத் தளம் எண்ணெய்ப் பூச்சு மாறும். ஒரே பந்துடன் போகிறவர் துளை அமைப்பைத் தேர்ந்தெடுக்கும்போது முதலில் நினைக்க வேண்டியது இதைத்தான்.

பந்தில் துளையிடும் கடைக்காரரிடம் அச்சுப் புள்ளியை அளக்கச் சொல்லுங்கள். கையை விட்டதும் பந்து சுழலும் அச்சின் முனை அது. பந்தில் படியும் எண்ணெய் வளையத்தை வைத்துக் கண்டுபிடிப்பார்கள். ஆளுக்கு ஆள் மாறும் அளவு என்பதால், இன்னொருவரின் அமைப்பை அப்படியே போட்டுக்கொள்வதில் பயனில்லை.

பந்தின் மேல் வண்ணப் புள்ளி ஒன்று தெரியும். உள்கருவின் உச்சி அதற்கு நேர் கீழே இருக்கிறது. அந்தப் புள்ளிக்கும் அச்சுப் புள்ளிக்கும் உள்ள தூரம் 3⅜ அங்குலமாக இருந்தால், ஒவ்வொரு சுற்றிலும் எண்ணெய் படாத புதுப்பரப்பு தளத்தைத் தொடும். எண்ணெய் மிகுந்த தளத்தில் அது பெரிய பலம். காய்ந்த தளத்திலோ பந்து பாதியிலேயே திரும்பிவிடும். 5 அங்குலத்தை நெருங்கினால் நேராக நெடுந்தூரம் போய்க் கடைசியில் வளையும். 2 அங்குலத்துக்குள் வைத்தால் சீக்கிரமே உருளத் தொடங்கும், வளைவு மென்மையாக இருக்கும்.

முதல் பந்துக்கு 4½ முதல் 5 அங்குலம் வரை, வண்ணப் புள்ளி விரல் துளைகளுக்கு மேலே: என் தேர்வு இதுதான். வேகமாக வீசி, சுழற்சி குறைவாகக் கொடுப்பவர் மட்டும் 3⅜ பக்கம் போகலாம். சமச்சீரற்ற உள்கரு உள்ள பந்தை இப்போதைக்கு விட்டுவிடுங்கள்.

சமன் துளையுடன் வரும் பழைய வரைபடங்களைப் பின்பற்ற வேண்டாம். விரல் நுழையாத துளைகளை அமெரிக்க பவுலிங் காங்கிரஸ் 2020 ஆகஸ்டிலிருந்து தடை செய்துவிட்டது.

அமைப்பு கொஞ்சம் தவறினாலும் 500 முதல் 4000 வரையுள்ள தேய்ப்புத் தாள்களால் பந்தின் தோலை மாற்றி ஓரளவு சரிசெய்யலாம். கட்டைவிரல் வலித்தால் எந்தத் தாளும் உதவாது. ஆகவே விரல் இடைவெளியைப் பொறுமையாக அளப்பவரிடம் கொடுங்கள், கூலி கூடினாலும் சரி. மிச்சப் பின்களுக்கான பிளாஸ்டிக் பந்துக்கு அமைப்பைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். கையளவு மட்டும் அச்சாக முதல் பந்தைப் போலவே இருக்கட்டும்.