விமானத்தின் சுமையும் அதன் எல்லைகளும்

விடுமுறைக் காலத்தில் பிராங்பேர்ட் விமான நிலையத்தின் தராசில் பயணப்பெட்டியை ஏற்றும்போது, "இத்துணை பெரிய விமானத்திற்கு இரண்டு கிலோ ஒரு பாரமா?" என்று நாம் எண்ணுவதுண்டு. பெட்டிக்குரிய அளவை விமான நிறுவனம் வகுக்கின்றது. ஆனால் விமானம் மொத்தமாக எவ்வளவு நிறையுடன் புறப்படலாம் என்பதை அந்நிறுவனம் தன் விருப்பப்படி வகுத்தல் இயலாது. மயிலிறகாயினும் அளவு மீறி ஏற்றினால் அச்சு முறியும் என்பதை வலியறிதல் அதிகாரத்தில் வள்ளுவர் காட்டினார். வண்டிக்கு எல்லை அச்சு ஒன்றே. விமானத்திற்கோ எல்லைகள் பல. அவற்றுள் அன்று எது மிகச் சிறியதோ, அதுவே அன்றைய எல்லையாகும்.

முதலாவது, கட்டமைப்பின் வலிமை. லுவ்தான்சா நிறுவனம் 2012 இல் சேவையில் இணைத்த போயிங் 747-8 விமானத்திற்கு இவ்வெல்லை ஏறத்தாழ 448 தொன்.

இரண்டாவது, ஓடுபாதையின் நீளம். ஒவ்வொரு புறப்பாட்டிற்கும் ஒரு தீர்மான வேகம் கணிக்கப்படுகின்றது. அவ்வேகத்திற்கு முன் இயந்திரம் ஒன்று பழுதுற்றால், எஞ்சிய பாதைக்குள் விமானம் நின்றுவிட வேண்டும். அதன் பின் பழுதுற்றால், மீதி இயந்திரங்களுடன் மேலெழ வேண்டும். நிறை கூடினால் இரண்டிற்கும் நீண்ட பாதை தேவை.

மூன்றாவது, ஏறும் ஆற்றல். ஓர் இயந்திரம் நின்று, சில்லுகள் உள்ளிழுக்கப்பட்ட நிலையில், நூறு மீற்றர் முன்செல்வதற்குள் இரு இயந்திர விமானம் 2.4 மீற்றரும், நான்கு இயந்திர விமானம் 3 மீற்றரும் உயர வேண்டும். எதிரே குன்றோ கோபுரமோ இருப்பின் அதனையும் பாதுகாப்பாகக் கடக்க வேண்டும்.

நான்காவது, காற்று. கடல்மட்டத்தில் 15 பாகை வெப்பத்தில் ஒரு கனமீற்றர் காற்று ஏறத்தாழ 1.23 கிலோ. 35 பாகையில் அது 1.15 கிலோவாகக் குறைகின்றது. காற்று ஐதாகும்போது இறக்கையின் தூக்குவிசையும் இயந்திரத்தின் உந்துவிசையும் குறைகின்றன. எதிர்க்காற்று புறப்பாட்டிற்குத் துணை, பின்காற்று பகை.

ஐந்தாவது, ஓடுபாதையின் மேற்பரப்பு. இதனை உலகம் பெருவிலை கொடுத்தே அறிந்தது. 1958 பெப்ரவரி 6 ஆம் நாள், மியூனிச் நகரின் அந்நாளைய றீம் விமான நிலையத்தில், மான்செஸ்ரர் யுனைற்றட் உதைபந்தாட்ட அணியினரை ஏற்றிய விமானம் எரிபொருள் நிரப்பியபின் புறப்பட முயன்றது. இரு முயற்சிகள் கைவிடப்பட்டன. மூன்றாவதில் வேகம் மணிக்கு 217 கிலோமீற்றரை எட்டியபின் 194 ஆகக் குறைந்தது. மேலெழ இயலாத விமானம் வேலியை உடைத்து வீடொன்றில் மோதியது. பயணித்த 44 பேரில் 23 பேர் மாண்டனர். யேர்மன் விசாரணை, இறக்கையில் படிந்த பனியைக் காரணமாகக் கூறி விமானியைக் குறைகூறியது. 1969 இல் பிரித்தானிய விசாரணையோ, பாதையில் பாதி உருகிக் கிடந்த பனிச்சேறு சில்லுகளைப் பற்றி இழுத்ததே காரணமெனக் கண்டு, அவர்மீதான பழியைத் துடைத்தது. இன்று பனிச்சேற்றின் ஆழத்திற்கேற்பப் புறப்பாட்டு நிறை குறைக்கப்படுகின்றது. ஆழம் வரம்பைக் கடந்தால் புறப்பாடே தடுக்கப்படுகின்றது.

ஆறாவது, தரையிறங்கும் நிறை. மேற்கூறிய போயிங் விமானம் ஏறத்தாழ 312 தொன்னுக்கு மேற்பட்ட நிறையுடன் வழமையாகத் தரையிறங்கலாகாது. வழியில் 90 தொன் எரிபொருளே செலவாகுமெனின், அது 402 தொன்னுக்கு மேல் சுமந்து புறப்படுதலும் ஆகாது.

இனி ஒரு கணக்கு. அதே விமானத்திற்கு ஒரு நாள் கட்டமைப்பு 448, ஓடுபாதை 430, ஏறும் ஆற்றல் 415, தரையிறக்கம் 402 தொன் என எல்லைகள் அமைந்தன எனக் கொள்வோம். விடை 402. மறுநாள் பனிச்சேற்றினால் ஓடுபாதையின் எல்லை 390 ஆகக் குறைந்தால், விடையும் 390 ஆகும். விமானம் அதுவே, நாள்தான் வேறு. பனிநாளில் சரக்கின் ஒரு பகுதி இறக்கப்பட்டு நமது பயணம் தாமதிக்குமாயின், சினவாது பொறுத்திருப்போம். றீமில் அன்று மாண்டோர் விட்டுச்சென்ற பாடம் அது.